ஏழு தடவை ‘திருப்திகரம்’

வருஷத்தில் இரண்டு தடவை அக்காவின் படிவம் எங்கட வீட்டுக்கு வரும். அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். உள்துறைமுக வீதிப் பக்கம் இருக்கிறா, பகலில் பாடசாலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறா. அதோடு வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பௌதிகவியலில் எம்.பில். பகுதிநேரமாகச் செய்கிறா. ஆறு மாதத்துக்கு ஒருக்கால் முன்னேற்ற அறிக்கை அனுப்ப வேணும். படிவம் இங்கிலிசில். எனக்குக் கலைப்பீடத்தில் இங்கிலிஸ் ஒரு பாடம் என்பதால் வசனம் திருத்துவது என்னுடைய வேலை.

எனக்குப் பௌதிகவியல் ஓ-எல் விஞ்ஞானத்தோடு முடிஞ்சுது. ஆனால் அவவின் ஏழு அறிக்கைகளையும் முதலில் இருந்து வரிசையாக வாசித்த ஆள் உலகத்தில் நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன். வாசிக்க வேண்டிய ஆக்கள் வாசிச்சிருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவை வந்திராது.

ஏழிலும் மேற்பார்வையாளரின் பகுதியில் ஒரே பெட்டிக்குத்தான் புள்ளடி: ‘திருப்திகரம்’. போன மாதம் ஒரு கடிதம் வந்தது. பதிவுக்காலம் முடியப் போகுது, நீடிப்பு வேணுமென்றால் காரணம் காட்டி விண்ணப்பிக்க வேணும், கட்டணமும் கட்ட வேணும், இல்லாவிட்டால் பதிவு ரத்து. ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயம்தான் எழுதி முடிஞ்சிருக்கு. ஏழு தடவை திருப்திகரமாக முன்னேறின ஒரு ஆள் எப்படி இங்க வந்து நிண்டா?

இந்த இடத்துக்கு வந்து சேர்றதே லேசில்லை என்பதையும் சொல்ல வேணும். எங்கட நாட்டுத் தகைமைச் சட்டகத்தில் மொத்தம் 12 மட்டங்கள். மூன்று வருஷப் பொதுப் பட்டம் 5, நாலு வருஷச் சிறப்புப் பட்டம் 6, எம்.பில். 11, கலாநிதிப் பட்டம் 12. முழுநேரமாகச் செய்தால் எம்.பில்லுக்குக் குறைந்தது 2 வருஷம், கலாநிதிக்கு 3. சிறப்புப் பட்டம் வைத்திருக்கிறவர்களுக்குக் கதவு நேராகத் திறக்கும். பொதுப் பட்டக்காரர் பெரும்பாலும் முதலில் ஒரு முதுமாணி செய்துவிட்டுத்தான் ஆய்வுப் பக்கம் தலைகாட்டுறது. அக்கா பொதுப் பட்டம். சிறப்புக்குத் தெரிவாகியும் வீட்டு நிலைமையில் மூன்று வருஷத்தோடு வெளிக்கிட்டவ. பிறகு சனி, ஞாயிறு பஸ் ஏறி முதுமாணியை முடிச்சா. கோணேசபுரியில் எங்களுக்கென்று ஒரு வளாகமும் அதில் பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கு. என்றாலும் ஆய்வுப் பட்டம் என்று வந்தால் இங்கத்தை ஆக்கள் பெரும்பாலும் வெளியூருக்குத்தான் பஸ் ஏறுறது.

அவவின் ஆய்வு ஒரு குறைகடத்தியை மென்படலமாகப் படிய வைத்து, அதில் மின்சாரம் எப்படி ஓடுது என்று அளக்கிறது. படலம் சுத்தமாக வர, காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் வைத்துத்தான் செய்ய வேணும். அதுக்கு வக்கியூம் பம்ப் வேணும். 2022இல் அது பழுதாகிப் போச்சு. அந்த வருஷம் ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று அறிவித்தது ஞாபகம் இருக்கும். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. டொலர் இல்லாததால் வெளியில் இருந்து ஒரு சாமானும் எடுக்க முடியாது. இரண்டு சீல் வளையமும் பம்ப் எண்ணெயும் வந்து சேர ஒன்பது மாதம். அக்கா வீட்டு மேல்மாடியில் நின்றால் சீனக்குடா மா ஆலைக்குக் கோதுமையோடு வந்து நிற்கிற கப்பல் தெரியும். உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று சின்ன வகுப்பில் இருந்து பாடமாக்கின எங்களுக்கு, அந்த ஒன்பது மாதம் நல்ல பகிடி.

மூன்றாவது அறிக்கையில் அந்த ஒன்பது மாதம் எப்படிப் பதிவாகியிருக்குத் தெரியுமா? “உபகரணத்தில் சிறிய தாமதம்.” நான் “எட்டு, ஒன்பது மாதம் எண்டு போடுங்கோவன்” என்று கேட்டேன். “சேர் குறைகளை எழுத வேண்டாமெண்டவர். எழுதினா மேல கேள்வி வருமாம்” என்றா. கேள்வி வரத்தானே அந்தப் படிவம்? சேர் கெட்ட மனுசன் இல்லை. அக்காவுக்கு உதவுறதாக நினைச்சுத்தான் சொன்னவர். அடுத்த வருஷமே அவரும் வெளிநாடு போயிட்டார், அந்தக் காலத்தில் போன எத்தனையோ விரிவுரையாளர்களைப் போல. புதிதாக வந்தவரின் துறை வேறு. அவர் அக்காவைச் சந்திச்சது மொத்தம் மூன்று தடவை, அதில் ஒன்று தாழ்வாரத்தில் நின்றபடி கையெழுத்து வைக்க.

இதைக் கேட்டால், மாணவர்களை நெருக்குகிறார்கள், மீளாய்வைத் தளர்த்த வேணும் என்று நான் எழுதப் போகிறேன் என்று நினைப்பீங்கள். எனக்கு வேண்டியது நேர் எதிர். மீளாய்வு இன்னும் கடுமையாக வேணும், அதுவும் முதல் வருஷத்திலேயே. முதல் வருஷ முடிவில் மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, “உன்ர அளவீடு எங்க? ஏன் இல்லை? பம்ப் வராட்டி வேற என்ன வழி?” என்று அரை மணித்தியாலம் குடைஞ்சிருந்தால், அக்கா அண்டைக்கு அழுதிருப்பா. ஆனால் பம்ப் தேவைப்படாத வேறொரு முறைக்கு அப்பவே மாறியிருப்பா. அப்படி முறைகள் இருக்கு, கரைசலில் தோய்த்துப் படலம் எடுக்கலாம் என்று அவவே எனக்குச் சொன்னவ. மாற்றச் சொல்லி ஒருத்தரும் கேட்கேல்லை, தானாக மாற்ற அவவுக்குத் துணிவு வரேல்லை.

பக்கத்தில் இந்தியாவைப் பாருங்கோ. 2022இல் அங்கத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு கலாநிதிப் பட்டத்துக்குப் புது விதிகள் கொண்டு வந்தது. ஒவ்வொரு அரையாண்டும் மாணவர் ஆய்வு ஆலோசனைக் குழுவுக்கு முன்னால் நேரில் போய் விளக்க வேணும். திருப்தி இல்லையென்றால் குழு காரணத்தை எழுதி, திருத்த வழியும் சொல்ல வேணும். அதே விதிகளில் ஆய்வேட்டைக் கையளிக்க முதல் சஞ்சிகைக் கட்டுரை வெளியிட வேணும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். எம்.பில்லையும் நிறுத்தியாச்சு. பெண்களுக்கு மேலதிகமாக 2 வருஷமும், 240 நாள் மகப்பேற்று விடுமுறையும் கிடைக்கும். தாளில் இருக்கிறதெல்லாம் அங்க அப்படியே நடக்குது என்று நான் நம்பேல்லை. ஆனால் ‘ஏன்’ என்பதை எழுத்தில் கேட்கிற ஒரு விதியாவது இருக்கு.

பட்ச் நண்பர் ஒருத்தரோடு இதைக் கதைச்சபோது அவர் கோபப்பட்டார். “கடுமையாக்கினா முதல்ல விழுறது உங்கட அக்கா மாதிரி ஆக்கள்தான். தூரத்தில இருந்து வாறவை, வேலை செய்துகொண்டு படிக்கிறவை, பொம்பிளையள். கொழும்பில ஸ்கொலர்ஷிப்போட முழுநேரமா இருக்கிற பெடியனுக்கு எந்த மீளாய்வும் பிரச்சினை இல்லை.” இதுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மாணவரை மட்டும் கேள்வி கேட்கிற கடுமை என்றால் அவர் சொல்றதுதான் நடக்கும். ஆனால் இப்ப இருக்கிற மென்மையிலும் அதே ஆக்கள்தான் விழுகினம், நாலு வருஷம் பிந்தி, நாலு வருஷக் கட்டணமும் கட்டின பிறகு, சத்தமில்லாமல்.

ஆகவே படிவத்துக்கு இரண்டாம் பக்கம் ஒன்று வேணும், அதைத் துறை நிரப்ப வேணும். இந்த ஆறு மாதத்தில் மேற்பார்வையாளர் எத்தனை தரம் சந்தித்தார்? ஆய்வுகூடம் எத்தனை நாள் இயங்கியது? பழுதான கருவிக்கு என்ன செய்தீர்கள்? அதோடு குழு மாணவரை மேற்பார்வையாளர் இல்லாமல் பத்து நிமிஷம் தனியாகச் சந்திக்க வேணும். வெளிநாட்டில் பல பல்கலைக்கழகங்களில் இது சாதாரண நடைமுறை. இதுக்கு டொலர் தேவையில்லை. ஒரு அறையும் மூன்று கதிரையும் போதும்.

தனிமை ஆய்வாளரை என்ன செய்யும் என்று பௌதிகவியலாளர்களுக்குத் தெரியாததில்லை. அப்துஸ் சலாம் கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1951இல் லாகூருக்குத் திரும்பி அரச கல்லூரியில் சேர்ந்தபோது, ஆய்வை விட்டுவிட்டுக் கால்பந்து அணியைப் பார்க்கச் சொன்னார்களாம். கதைக்க இன்னொரு பௌதிகவியலாளர் இல்லாமல் 1954இல் திரும்பவும் கேம்பிரிட்ஜுக்குப் போனார். 1979இல் நோபல் பரிசு. இடையில், 1964இல், தன்னைப் போல வறிய நாடுகளில் தனிச்சுப்போன ஆய்வாளர்கள் சில மாதம் வந்து வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்ப ஒரு மையத்தை இத்தாலியின் திரியெஸ்தேயில் தொடங்கினார். அதுவும் ஒரு துறைமுகப் பட்டினம்தான். அக்காவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். “எனக்கு நெற்போல் டீம்” என்று சிரிச்சா. உண்மைதான், இந்த வருஷம் பாடசாலை வலைப்பந்து அணிக்கு அவதான் பொறுப்பு.

எட்டாவது படிவத்தையும் நீடிப்பு விண்ணப்பத்தையும் போன ஞாயிறு இரவு இருந்து எழுதினோம். இந்த முறை வசனம் திருத்துறதோடு நான் நிற்கேல்லை. பம்ப் நின்ற ஒன்பது மாதம், மேற்பார்வையாளர் மாறின திகதி, மூன்று சந்திப்பு, எல்லாம் உள்ளபடி போட்டம். அக்கா இரண்டு தரம் அழிச்சா, இரண்டு தரம் திரும்ப எழுதினா. “சேருக்குக் கோவம் வந்தா?” என்று கேட்டா. வரலாம் என்றேன். கரைசல் முறைக்கு மாற அனுமதி கேட்டும் ஒரு பந்தி சேர்த்திருக்கு, அதை முழுக்க அவவே எழுதினவ, நான் ஒரு கமாவும் மாற்றேல்லை. திங்கள் காலை பாடசாலைக்குப் போற வழியில் தபாற் கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டாச்சு. மேற்பார்வையாளரின் பெட்டி மட்டும் வெறுமையாக இருக்கு, அதை அங்கதான் நிரப்புவினம்.