கடன் பிரிவிலிருந்து வாடகைப் பிரிவுக்கு



முதுகுளத்தூரிலிருந்து ஒரு தந்தையார் கடிதம் எழுதியுள்ளார். வளைகுடாவில் பல்லாண்டு உழைத்து மகனைப் பட்டதாரியாக்கியவர். மகன் சென்னையில் ஒரு நிதி நிறுவனத்தில், அலுவலகக் கட்டடங்களுக்கும் வணிக வளாகங்களுக்கும் கடன் வழங்கும் பிரிவில் ஐந்தாண்டுகளாகப் பணிபுரிகிறார். "அத்தா, இந்த வட்டிக் கணக்கை எழுத மனம் ஒப்பவில்லை; ஆனால் நான் கற்ற வேலை இது ஒன்றுதான்" என்கிறாராம். வீட்டிலோ திருமண வயதில் மகள். சம்பளம் நின்றால் என் செய்வது என்பது தந்தையின் கவலை.

மகனின் உள்ளத்து உறுத்தலை இலேசாகக் கருதிவிட இயலாது. வட்டியை உண்பவரோடும் கொடுப்பவரோடும், அதனை எழுதுபவரையும் சாட்சிகளையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம்.

ஆயினும், கற்றது ஒரு வேலைதான் என்று அவர் எண்ணுவது சரியன்று. வாடகை ஒப்பந்தத்தைப் படிப்பது, குத்தகைதாரரின் நாணயத்தை ஆராய்வது, செலவு போக ஒரு கட்டடம் ஈட்டும் நிகர வருவாயைக் கணக்கிடுவது, வில்லங்கம் பார்ப்பது ஆகிய யாவும் அவர் அங்கே கற்றவை. கட்டடத்தின் உரிமையாளருக்கும் இத்திறமைகள் தேவை.

இத்தகைய பணியிடங்கள் இன்று பெருகியுள்ளன. வாடகைச் சொத்துகளைப் பலர் பங்கிட்டு உடைமையாக்கும் 'ரீட்' அறக்கட்டளைகளுக்கு 2014-ல் செபி விதிகள் வகுத்தது. முதலாவதான எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் 2019 ஏப்ரலில் பங்குச் சந்தைக்கு வந்தது. 2024-ல் சென்னையிலும் ஒரு வளாகத்தை வாங்கியது. சொத்து மதிப்பில் 80 விழுக்காடேனும் கட்டி முடித்து வருவாய் தருவதாக இருத்தல் வேண்டும். பகிரத்தக்க வருவாயில் 90 விழுக்காடு முதலீட்டாளரைச் சேர வேண்டும். குத்தகை, பராமரிப்பு, சொத்து நிர்வாகம் ஆகியவற்றுக்கு அங்கே ஆட்கள் தேவை. ஆனால் இவையும் வட்டிக்குக் கடன் பெறுகின்றன. 49 விழுக்காடு வரை விதி இடமளிக்கிறது. ஆகவே எந்தப் பணியை ஏற்கலாம் என்பதை, வேலையின் விவரங்களோடு உலமாப் பெருமக்களிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.

மலேசியாவில் 2005-ல் இஸ்லாமிய ரீட்டுக்கென வழிகாட்டு நெறிகள் வெளியாயின. மறு ஆண்டே மருத்துவமனைக் கட்டடங்களைக் கொண்ட அல்-அகார் பட்டியலில் இடம்பெற்றது. அந்நெறிகளின்படி, ஆகாத தொழில் புரியும் குத்தகைதாரரிடமிருந்து வரும் வாடகை 20 விழுக்காட்டைத் தாண்டலாகாது. இத்துறைக்கெனவே கோலாலம்பூரில் இன்செஃப் என்னும் உயர்கல்வி நிறுவனமும் உண்டு. நம் மாவட்டத்தாருக்கு மலேசியா புதிய நாடன்று.

உள்ளூரிலும் வழியுண்டு. 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி, மனை வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டைக் கட்டுநர் தனிக் கணக்கில் வைத்து, அத்திட்டத்தின் நிலத்திற்கும் கட்டுமானத்திற்கும் மட்டுமே செலவிட வேண்டும். இக்கணக்கை நேர்மையாகப் பேணத் தெரிந்தவரைக் கட்டுமான நிறுவனங்கள் நாடுகின்றன.

எனினும் நாளையே ராஜினாமா எழுத வேண்டாம். ஓராண்டு எனத் தவணை வகுத்துக்கொள்ளட்டும். ஆறு மாதக் குடும்பச் செலவைச் சேமிக்கட்டும். அதே நிறுவனத்தில் கடன் சாராத பிரிவு உண்டா என முதலில் விசாரிக்கட்டும். புதிய பணியில் தொடக்கச் சம்பளம் குறையக்கூடும். அதனை வீட்டார் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம். இப்போதைய வேலை நிலையானது என்றும் எண்ண வேண்டாம். 2018-ல் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ்., 2019-ல் டி.எச்.எஃப்.எல். எனப் பெரும் நிதி நிறுவனங்களே சரிந்ததை நாடு கண்டது.

தந்தையார்க்கு ஒரு சொல். மகளின் திருமணத்திற்கெனக் கைக்கூலியும் ஆடம்பர விருந்தும் திட்டமிட்டிருந்தால், அவைதாம் மகனை வட்டிக் கணக்கோடு பிணைத்து வைத்துள்ளன. கைக்கூலி கேளாத மணமகனைத் தேடுங்கள். எளிய நிக்காஹ் நடத்துங்கள். மகனின் தவணை ஓராண்டிலிருந்து ஆறு மாதமாகக் குறையும்.

குறைந்த வருவாயிலும் நிறைந்த பரக்கத்தை வல்ல அல்லாஹ் அக்குடும்பத்திற்கு அருள்வானாக! ஆமீன்.