அடுக்களைப் பக்கம்: சோறு குறையலாம், சுவை குறையலாகாது

தலைநகரில் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்களில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை ஒன்று உண்டு. “சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார், அரிசியை நிறுத்திவிட்டோம், இனிச் சப்பாத்திதான்” என்பதே அது. அரிசி டப்பா பரண் ஏறுகிறது. கோதுமை மாவு டப்பா கைக்கெட்டும் இடத்துக்கு வருகிறது. அத்துடன் கடமை முடிந்ததென்று வீட்டார் ஆறுதல் அடைகின்றனர். இந்த ஆறுதல் சரியானதுதானா என்பதைச் சகோதரிகளுடன் இம்மாதம் சிறிது ஆராய விரும்புகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நூறு கிராம் பச்சரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து உள்ளது. கோதுமை மாவிலும், சாமை, வரகு, கேழ்வரகு முதலிய சிறுதானியங்களிலும் அது 60க்கும் 70க்கும் இடையே நிற்கிறது. நார்ச்சத்து மிகுதியாக இருப்பது அவற்றின் சிறப்பே, மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு கரண்டிச் சோற்றை விடுத்து மூன்று சப்பாத்தி உண்பவர், மாவுச்சத்தைக் குறைத்தவர் ஆகமாட்டார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு உண்டென்று 2023இல் தெரிவித்தது. நம் மக்கள் பெறும் உணவுச் சக்தியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் காட்டியது. மொத்த அளவைக் குறைக்காமல் வெள்ளை அரிசியைக் கோதுமையாகவோ சிறுதானியமாகவோ மாற்றுவதால் மட்டும் அபாயம் குறைவதாக அதில் காணப்படவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பால் ஆகியவற்றின் புரதமாக மாற்றினால் பயன் உண்டு என்பதே அதன் முடிவு.

ஆகவே தானியத்தை மாற்றுவதைவிட இலையில் இடத்தை மாற்றுவதே முக்கியம். இதுவரை சோறு அரசாகவும் கறியும் கூட்டும் பரிவாரமாகவும் இருந்தன. இனிக் கறியும் கூட்டும் உணவாகட்டும்; சோறு துணையாகட்டும். இதற்குப் புதுப் பதார்த்தங்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. நம் பாட்டிமார் செய்த பருப்பு உசிலி ஒன்றே போதும்.

ஓர் ஆழாக்குத் துவரம்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை நன்கு வடித்து, நான்கு மிளகாய் வற்றல், பெருங்காயம், உப்புச் சேர்த்துக் கரகரப்பாக அரைத்து, ஆவியில் 12 நிமிஷம் வேகவைத்து உதிர்த்துக்கொள்க. பருப்பிலும் மாவுச்சத்து உண்டாதலால் காயின் அளவைத் தாராளமாக்க வேண்டும். அரைக் கிலோவுக்குக் குறையாமல் பீன்ஸ் அல்லது கொத்தவரை சேர்த்துப் புரட்டினால், நால்வருக்கு வயிறு நிறையும். வழக்கத்தில் பாதியளவு சோறு இதற்குத் தாராளம்.

மார்கழி, தை மாதங்களில் இங்கே காலிபிளவர் மலிந்து கிடக்கும். நூறு கிராமில் மாவுச்சத்து 5 கிராம் அளவே. அதைத் தேங்காய்போல் துருவி, அகன்ற இரும்பு வாணலியில், மூடாமல், ஈரம் வற்றும்வரை வதக்குக. உப்பை இறுதியில் இடுக. முன்னரே இட்டால் நீர் விட்டுக் குழைந்துவிடும். எலுமிச்சை, தேங்காய், கொத்தமல்லி ஆகிய கலவைகளுக்கு இது நன்கு இசைகிறது. இரசத்துக்கு இசைவதில்லை, இரசத்தைத் தம்ளரில் பருகுவதே நலம். தயிர்ச்சாதத்துக்கு ஓர் உபாயம் உண்டு. ஒரு பங்கு சோற்றைக் குழைய மசித்து, ஆவியில் வேகவைத்துப் பிழிந்த துருவலில் மூன்று பங்கு சேர்த்து, கெட்டித் தயிர் விட்டு, கடுகும் இஞ்சியும் தாளித்துக் கொட்டுக. அந்த ஒரு பங்குச் சோறே அனைத்தையும் பிணைத்து நிற்கும்.

அடைக்கு அரிசியைக் கால் பங்காகக் குறைத்துப் பருப்பைக் கூட்டலாம்; அடியோடு விட்டால் மொறுமொறுப்புப் போய்விடும். பச்சைப்பயறு அடைக்கோ அரிசியே வேண்டாம். இங்குள்ள அண்டை வீட்டார் வார்க்கும் சீலாவுக்கு அது உடன்பிறப்பு. இட்லியை மட்டும் மாற்ற முயல வேண்டாம். நான்கை இரண்டாக்கி, காய் மிகுந்த சாம்பாரைக் கிண்ணம் நிறைய ஊற்றுங்கள்.

எச்சரிக்கை ஒன்று சொல்லாமல் விடலாகாது. இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று சோற்றைக் குறைத்தால், சர்க்கரை அளவு மிகத் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரைக் கலந்துகொண்டே தொடங்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பைக் கூட்டுமுன்னும் அவ்வாறே கேட்டறிக.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நோயுற்றவருக்கென்று தனிச் சமையல் செய்யாதீர்கள். எல்லோரும் சாம்பாரும் சோறும் உண்ண, ஒருவர் மட்டும் உலர்ந்த சப்பாத்தியுடன் ஒதுங்கி அமர்ந்திருப்பது மருந்தன்று, தண்டனை. தண்டனையை எவரும் நெடுநாள் பொறுப்பதில்லை. இருவகைச் சமையலால் சமைப்பவளும் சோர்ந்துபோவாள். உசிலியும் கூட்டும் கீரையும் அனைவர் தட்டிலும் ஒன்றாகவே விழட்டும்; வேறுபாடு சோற்றுக் கரண்டியின் அளவில் மட்டும் இருக்கட்டும். ஊரைவிட்டு வெகு தொலைவு வந்த நமக்கு, பிறந்த மண்ணின் நினைவைக் காப்பது புளியும் பெருங்காயமும் கறிவேப்பிலையும்தாம். அவற்றை எந்த மருத்துவரும் விலக்கவில்லை.

உங்கள் இல்லத்தில் கைகூடிய பக்குவங்களை எழுதியனுப்புங்கள். வரும் இதழ்களில் மகிழ்வுடன் வெளியிடுவோம்.