இலவசக் குடையும் ‘ஃப்ரீ’ விசாவும்

சென்ற வாரம் வேம்பாரிலிருந்து தோழர் ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். கூடவே அவர் மகன். வயது இருபது. கையில் மஞ்சள் பை, பைக்குள் புத்தம் புதிய பாஸ்போர்ட்டு. “படகு வேலைக்கு பஹ்ரைன் போகிறான். முதல் பயணம். நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புங்கள்” என்றார் தகப்பனார்.

வாழ்த்தத்தான் வாய் திறந்தோம். அதற்குமுன், “விசா எப்படித் தம்பி?” என்று கேட்டுவைத்தோம்.

“ஃப்ரீ விசா அண்ணாச்சி” என்றான் பையன், முகமெல்லாம் மலர.

“இலவசமா?”

“ஒன்றேமுக்கால் லட்சம்.”

வாழ்த்து தொண்டையிலேயே நின்றுவிட்டது!

தூத்துக்குடிச் சீமைக்காரனுக்கு ‘இலவசம்’ என்ற சொல்லின் பொருளை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. 1906-இல் சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. குறைத்தும் போதாமல் காசே வேண்டாம் என்றது. அதற்கும் மேலே போய், ஏறுகிறவனுக்கு ஒரு குடையும் தருவதாக ஆசை காட்டியது. குடைக்கு ஆசைப்பட்டவன் குடையோடு போனான். 1908-இல் சிதம்பரனார் சிறைக்குப் போனார். அவர் கண்ட கம்பெனியும் முறிந்து போயிற்று.

அன்றைய குடைக்காவது காசு வாங்கவில்லை. இன்றைய ‘ஃப்ரீ’ விசாவுக்குத் தாலிச்சங்கிலி அடகுக்குப் போகிறது.

அது என்ன விசா? அக்கரையில் ஒரு முதலாளி ஆள் எடுக்க அனுமதி வாங்குகிறான். அவனிடம் வேலை கிடையாது. அனுமதிச் சீட்டை மட்டும் விற்றுவிடுகிறான். வாங்கியவன் போய் இறங்கி, வெளியில் எவனிடமாவது வேலை தேடிக்கொள்ள வேண்டும். சீட்டில் இருக்கும் பெயர் ஒன்று, வேலை வாங்குகிறவன் பெயர் வேறொன்று. அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணுக்கு இவன் கள்ளத் தொழிலாளி! கூலி வரவில்லையென்று புகார் செய்யப் போனால், முதலில் பிடிபடுகிறவன் இவன்தான்.

போகாதே என்று நாம் சொல்லவில்லை. சொல்வதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது? வேம்பார், ஏழு கடற்றுறைகளில் ஒன்றென்று பெயர் பெற்ற ஊர். அந்த ஊர்க்காரன் பாட்டன் முத்துக் குளித்தான், சங்கு குளித்தான். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது நின்றதுதான். இன்று விசைப்படகுக்காரனுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. தடை நீங்கிக் கடலுக்குப் போனாலும் டீசல் காசு தேறினால் அதிர்ஷ்டம் என்கிறார் தகப்பனார். கருப்பட்டிக்குப் பேர்போன ஊர்தான், ஆனால் பனையேறியின் மகனே பனையேற மறுக்கிறான். அவனைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆகவே போகட்டும். கண்ணைத் திறந்துகொண்டு போகட்டும் என்பதே நம் பேச்சு.

பையன் போகும் பஹ்ரைனும் ஒரு காலத்தில் முத்துத் தீவுதான். 1932-இல் எண்ணெய் கிடைக்கும்வரை அத்தீவின் சோறு முத்துச் சிப்பியில்தான் இருந்தது. குளிப்பாளிக்கு முன்பணம் கொடுப்பான் படகுத் தலைவன். பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் மிஞ்சும். தகப்பன் இறந்தால் அந்தக் கடன் மகன் தலையில் ஏறும். கடனைத் தீர்க்க மகனும் மூச்சடக்கி மூழ்க வேண்டும்!

நம் பக்கத்துக் கதை மட்டும் என்ன வாழ்ந்தது? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி ஆள் பிடித்த காலத்தில் ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. இன்ன கங்காணியும் அவன் ஆட்களும் இவ்வளவு ரூபாய் கடன். கட்டினால் விடுவிக்கிறோம் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பார். இன்னொரு தோட்டத்தான் கடனைக் கட்டி ஆட்களை ஓட்டிக்கொண்டு போவான். மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் கடனைச் சேர்த்து விற்பதில்லை! 1921-இல் அந்தத் துண்டுமுறையைச் சட்டம் ஒழித்தது.

ஒழிந்ததா? ஒன்றேமுக்கால் லட்சத்தை வட்டிக்கு வாங்கி விமானம் ஏறுகிறவன் சட்டைப் பையில் இருப்பது என்ன? துண்டுதான்! துரை எழுதவில்லை, இவனே எழுதிக்கொண்டான் என்பதுதான் வேற்றுமை. கடன் இருக்கிறவரை அவன் திரும்பி வர முடியாது. அது முதலாளிக்கும் தெரியும்.

தம்பியிடம் நாம் கேட்ட அடுத்த கேள்வி: “ஏஜெண்டின் பதிவு எண் என்ன?” அப்படியொன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, அரசிடம் பதிவு பெற்றவன்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். அவன் வாங்கக்கூடிய கூலி 30,000 ரூபாய், வரி தனி. அதற்கும் ரசீது தரவேண்டும். ‘இ-மைக்ரேட்’ என்ற அரசுத் தளத்தில் எண்ணைத் தட்டிப் பார்த்தால் ஆள் அசலா, போலியா என்று தெரிந்துவிடும். பத்தாம் வகுப்புத் தேறாதவன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் காப்பாளரின் அனுமதி வேண்டும். இதைச் சுற்றிப் போகத்தான் ஏஜெண்டு சொல்லித் தருகிறான்: “விமான நிலையத்தில் கேட்டால், ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்.” பயணத்தின் முதல் வாசலிலேயே பொய் சொல்ல வைக்கிறவன், கடைசி வாசல்வரை கூட வருவானா?

படகு வேலையில் மாதச் சம்பளம் என்று இல்லாமல், பல இடங்களில் பங்குக் கணக்கு. பங்கு என்றதும் நம் பையன்கள் மயங்கிவிடுகிறார்கள், ஊர்ப் பழக்கம் அல்லவா! எந்தப் பங்கு? டீசல், ஐஸ், வலைச் செலவு எல்லாம் கழித்த பிறகா, கழிக்கும் முன்பா? அங்கும் இறாலுக்குத் தடைக்காலம் உண்டு. அந்த மாதங்களில் சாப்பாடு யார் கணக்கில்? ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டு யாருடையது? இவை காகிதத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதி நீட்டினால், படிக்கத் தெரிந்த தோழரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடக்கூடாது.

எல்லைக் கோடு ஒன்றிருக்கிறது. நம் ஆட்களுக்கு அதைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. இலங்கைச் சிறை நடத்திவிட்டது. வளைகுடாவிலும் அதே கதைதான். இடிந்தகரைத் தோழர்கள் 28 பேர் ஈரானிலிருந்து மீன்பிடிக்கப் போய், எல்லை தாண்டியதாக 2024 செப்டம்பரில் பஹ்ரைனில் பிடிபட்டார்கள். ஆறு மாதத் தண்டனை. மூன்றாகக் குறைத்து டிசம்பரில் அனுப்பினார்கள். “அந்தப் பக்கம் போ, மீன் இருக்கிறது” என்று முதலாளி கரையிலிருந்து கட்டளையிடலாம். கம்பி எண்ணுகிறவன் கடலில் இருந்தவன்தான்.

கொரோனாக் காலத்தில் ஈரானில் சிக்கித் தவித்தவர்களை மறந்துவிட்டோமா? ‘ஜலாஷ்வா’ போர்க்கப்பல் 687 பேரை ஏற்றிக்கொண்டு 2020 ஜூலை 1-இல் தூத்துக்குடியில் வந்து நின்றது. பெரும்பாலோர் நம் மீனவர்கள்.

பாஸ்போர்ட்டு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது இந்திய அரசின் உடைமை. முதலாளியின் பெட்டியில் கிடக்க வேண்டிய பொருளல்ல. இருந்தாலும் பிடுங்கி வைப்பார்கள், நாம் கண்ணை மூடிக்கொண்டு பேசவில்லை. எனவே பாஸ்போர்ட்டு, விசா, ஒப்பந்தம் மூன்றுக்கும் நகல் எடுத்து ஒன்றைத் தாயிடமும், ஒன்றைக் கட்சிக் கிளையிலும் கொடுத்துவிட்டுப் போ என்றோம். ‘பிரவாசி பாரதிய பீமா’ என்ற இன்ஷூரன்சு இருக்கிறது. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம். இரண்டாண்டுக்கு 275 ரூபாய். ஒன்றேமுக்கால் லட்சம் வாங்கிய ஏஜெண்டு இதைப்பற்றி வாயே திறக்கவில்லை!

தாயார் மசாலாப் பொடி அரைத்துக் கொடுத்திருந்தார். “கசகசா சேர்த்தாரா?” என்று கேட்டோம். பையன் சிரித்தான். சிரிப்பதற்கு இல்லை. நம் குழம்பில் போடும் கசகசா சவுதியிலும் அமீரகத்திலும் தடைப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை என்று கைதே செய்வார்கள். வளைகுடாப் பக்கம் போகிறவன் பெட்டியில் அது இருக்கவே கூடாது. கருப்பட்டி எடுத்துப் போகட்டும். முன்பின் தெரியாதவன் “என் தம்பிக்கு மாத்திரை” என்று கொடுக்கும் பொட்டலத்தைத் தொடவே வேண்டாம்.

படித்த பிள்ளைகளுக்கு வேறு வலை விரித்திருக்கிறார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி, ஆற்றைக் கடத்தி மியான்மாரில் அடைத்து, மோசடி செய்ய வைக்கும் கூடாரங்கள்! அங்கிருந்து மீட்ட 549 இந்தியர்களை 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் கொண்டுவந்தார்கள்.

அரசினரை நாம் கேட்பது பெரிதல்ல. வேலை ஒப்பந்தம் தமிழிலும் இருந்தாலொழிய அது செல்லாது என்று விதி செய்யுங்கள். ஏஜெண்டுகளின் பட்டியலைக் கடற்கரை ஊர்தோறும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். கிளைத் தோழர்களுக்கும் ஒன்று: கூட்டத்துக்குக் கொடி கட்டுவது போதாது. கப்பலேறுகிறவன் காகிதத்தை அவன் காசு கட்டுவதற்கு முன்பே வாங்கிப் படிக்க வேண்டும். 1800 11 3090 என்ற உதவி எண்ணை டீக்கடைச் சுவரில் எழுதி வையுங்கள்.

தம்பி இதுவரை ஏஜெண்டிடம் கட்டியிருப்பது 20,000 முன்பணம். நம் எதிரிலேயே அவருக்கு டெலிபோன் செய்தான். பதிவு எண்ணும் ரசீதும் கேட்டான். “நாளைக்குப் பேசுகிறேன்” என்றார் அவர். ஆறு நாளாயிற்று, இன்னும் பேசவில்லை. தாயாரின் சங்கிலி வீட்டில்தான் இருக்கிறது.