ஈயத்தின் இடத்தில் செம்பு: சொல்லை மாற்றினால் போதுமா?

2010-இல் தில்லியில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தபோது, துப்பாக்கிச் சுடுதல் போட்டிகளின் பெரும்பகுதி துக்ளகாபாதிலுள்ள டாக்டர் கர்ணி சிங் சுடுதளத்தில் நிகழ்ந்தது. நெடுந்தொலைவு ரைபிள் பிரிவு மட்டும் குருகிராமை அடுத்த காதர்பூரில், மத்திய ரிசர்வ் காவல் படை வளாகத்தில் நடத்தப்பட்டது. அப்பிரிவில் இலக்கு 1000 கஜத் தொலைவு வரை, அதாவது 914 மீட்டர் வரை, தள்ளி நிற்கும். பதக்கப் பட்டியல் ஆவணமாகிவிட்டது. இலக்கின் பின்னுள்ள மண்மேடு எதை ஏற்றுக்கொள்கிறது என்பதோ எங்கும் பேசுபொருளாவதில்லை.

இவ்வகைப் போட்டிக்கான வழக்கமான குண்டு செம்புக் கலவை உறையும் காரீய உட்கருவும் கொண்டது. எடை ஏறத்தாழ 10 கிராம். நூறு முறை சுட்டால் மண்ணில் ஒரு கிலோ உலோகம் சேரும். அதில் பெரும்பங்கு காரீயம். பேச்சுத் தமிழில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் ஈயம், துப்பாக்கிக் குண்டும் ஈயம். முன்னது வெள்ளீயம், பின்னது காரீயம். இரண்டையும் ஒரு சொல் மூடிவிடுவதால் இரண்டாவதன் நஞ்சு எளிதில் மறக்கப்படுகிறது. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இந்தியா இதை அறியாத நாடன்று. 1995-இல் தில்லி உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000-இல் நாடு முழுவதும் ஈய பெட்ரோல் விலக்கப்பட்டது. வீட்டு வண்ணப்பூச்சில் பத்து லட்சத்துக்கு 90 பங்கு என்னும் வரம்பு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. குண்டு மட்டும் விவாதத்திற்கு வெளியே நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. மேலைநாடுகளில் இவ்விவாதம் வேட்டையிலிருந்து பிறந்தது. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டுகளைத் தடைசெய்ததன் பின்னணியில், குண்டு பாய்ந்த விலங்குடலை உண்டு நஞ்சேறிய காண்டோர் கழுகுகள் இருந்தன. 1972-இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்த இந்தியாவில் அந்த வாதம் எடுபடாது. இங்கே கேள்விக்குரியது காடன்று, சுடுதளம். கழுகன்று, மண்மேட்டைக் கிளறிச் சீர்செய்யும் தொழிலாளி.

மாற்றாக முன்வைக்கப்படுவது திண்மக் குண்டு: உறையும் உட்கருவும் இன்றி, ஒரே செம்பு அல்லது பித்தளைத் தண்டிலிருந்து கடைசல் எந்திரத்தில் கடைந்தெடுப்பது. இது புதுமையன்று. பிரெஞ்சுப் படையின் 'பால் டி' என்னும் கூர்முனைக் குண்டு 1898-இலேயே திண்மப் பித்தளையால் ஆனது. அதே காலத்தில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதச்சாலை முனை மென்மையான, உடலுள் விரியும் குண்டை உருவாக்கியது. 1899-இன் ஹேக் பிரகடனம் அத்தகைய குண்டுகளை விலக்கியது. ஓர் இந்திய ஊரின் பெயர் உலக மொழிகளில் அந்தக் குண்டுக்கே பெயராய் நிலைத்துவிட்டது.

ஆனால் திண்மக் குண்டு என்பது உலோகம் மாறிய ஈயக் குண்டு அன்று. காரீயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், செம்புக்கு 8.96. குழலின் விட்டம் மாறாதபோது, எடையைக் காக்க ஒரே வழி நீளத்தைக் கூட்டுவது. நீண்ட குண்டு நிலைகுலையாமல் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். 1879-இல் ஜார்ஜ் கிரீன்ஹில் வகுத்த எளிய விதிப்படி, நான்கு விட்ட நீளமுள்ள 7.62 மி.மீ. வகை ஈய உட்கருக் குண்டுக்குக் குழலின் உட்புரி ஏறத்தாழ 29 செ.மீ.க்கு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். எடையைக் காக்கவும் முனையை நீட்டிக் காற்றின் தடையைக் குறைக்கவும் நீளத்தை ஐந்து விட்டமாக்கினால், அடர்த்திக் குறைவையும் சேர்த்து, அது 21 செ.மீ. அளவுக்கு இறங்குகிறது. முன்னதற்கெனப் புரியிட்ட குழலில் பின்னதைச் சுட்டால், குண்டு தள்ளாடி இலக்கை இழக்கும். மேலும், செம்பு ஈயத்தைப் போல நசுங்கி இடங்கொடுக்காது. ஆகவே குண்டின் உடலைச் சற்றே மெலித்து, சில வளையங்கள் மட்டும் புரியைப் பற்றுமாறு கடைகிறார்கள்; அழுத்தமும் உராய்வும் அதனால் கட்டுக்குள் நிற்கின்றன.

தமிழில் எழுவாயின் திணை மாறினால் பயனிலையின் விகுதியும் மாறியாக வேண்டும். 'ஈயம்' என்ற சொல்லை அடித்துவிட்டுச் 'செம்பு' என்று எழுதும் ஆணையும் அப்படியே: குழலை மாற்றாமல் குண்டை மட்டும் மாற்றினால் அது பிழை வாக்கியமாகவே முடியும். அந்தத் தோல்வியைக் காட்டி, ஈயத்துக்கு மாற்றே இல்லை என்று வாதிடுவது பிறகு எளிதாகிவிடும்.

எதிர்வாதங்களும் பொருட்படுத்தத்தக்கவை. கடைந்த குண்டுக்கு விலை அதிகம். கடினமான குண்டு தெறித்துத் திரும்பும் வாய்ப்பைச் சுடுதள வடிவமைப்பு கணக்கில் கொள்ள வேண்டும். செம்பும் நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கானது. தோட்டாவின் எரியூட்டியிலும் ஈயச் சேர்மம் இருப்பதால், குண்டை மாற்றுவதால் மட்டும் சுடுபவரின் மூச்சுக்காற்று தூய்மையாகிவிடாது. ஆயினும் இவை ஒவ்வொன்றும் மாற்றத்தைத் திட்டமிட்டுச் செய்வதற்கான காரணங்களே, தள்ளிப்போடுவதற்கானவை அல்ல.

திட்டத்தின் முதல் வரி எளியது. இன்று வாங்கும் ரைபிளின் கொள்முதல் ஆவணத்திலேயே, நாளைய நீண்ட குண்டுக்கு ஏற்ற புரியளவு இடம்பெற வேண்டும். அதுவரை மண்மேடுகளிலிருந்து ஈயத்தை முறையாகப் பிரித்தெடுப்பதும், அங்கே உழைப்போரின் இரத்த ஈய அளவைக் காலந்தோறும் சோதிப்பதும் தொடங்கலாம். இவற்றுக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. இலக்கின் நடுப்புள்ளியை அளக்கும் அதே துல்லியத்தோடு இலக்கின் பின்னாலுள்ள மண்ணையும் அளக்க முன்வந்தால் போதும்.