பூச்சு மறைப்பதும் துரு உரைப்பதும்

நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் நோர்வூட்டுக்கு வந்திருந்தார். இங்குள்ள தோட்டத்துப் பங்களா ஒன்றின் கொட்டகையில் நெடுங்காலமாக ஓடாமற் கிடக்கும் எம்.ஜி. ரி.சி. கார் ஒன்றை விலை பேசுவதே அவர் வருகையின் நோக்கம். ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த சேமலாப நிதியிற் பெரும்பங்கை அதற்குக் கொடுக்கத் துணிந்திருந்தார். தமிழாசிரியனாகிய எனக்கு இதில் வேலை என்ன என்று அன்பர்கள் வினவலாம். நான் துணைக்குச் சென்றவன். காரைச் சோதித்தவர் தோட்டத்து வண்டிகளுடனேயே முதுமை எய்திய மெக்கானிக் ஒருவர். அவர் செய்ததைக் கண்டபின் எனக்குத் தோன்றிய கருத்தையே இங்கு எழுதுகின்றேன்.

ரி.சி. வகைக் கார்கள் 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரிற் செய்யப்பட்டவை. ஏறக்குறைய 10,000 மட்டுமே வெளிவந்தன. 1934இல் நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் தொடங்கிய காலமுதல் இலகுவான விளையாட்டுக் கார்களுக்கு மலைநாட்டில் மதிப்பு உண்டு. 2020 முதல் 2025இன் தொடக்கம் வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால் பழைய வாகனங்களின் விலையும் மிக உயர்ந்தது. விலை உயரும் இடத்திற் பூச்சும் பெருகும்.

மெக்கானிக் முதலிற் பார்த்தது எஞ்சினை அன்று, எண்களை. அடிச்சட்டத்தின் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுப் பத்திரத்தோடு பொருந்தாவிடில் மேலே பேசுவதிற் பயனில்லை என்றார். பின் கதவைத் திறந்து, அதன் நுனியைப் பிடித்து மெல்ல உயர்த்தினார். கதவு கீலோடு ஆடிற்று. இக்காரின் தகட்டுக்கு உள்ளே இருப்பது மரச்சட்டம். தென்மேற்குப் பருவமழையின் ஈரம் தங்கினால் வெளித்தகடு கெடுமுன் உள்மரம் உளுத்துப்போகும். கூரான கம்பியால் அவர் குத்தியபோது அடிமரம் மண்போல் உதிர்ந்தது.

எஞ்சினை உடனே இயக்க அவர் இசையவில்லை. பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டர்களிலும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, கைப்பிடியால் மெல்லச் சுழற்றினார். அது தடையின்றிச் சுழன்றது. சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, ஒலி மங்கியவை தளர்ந்தவை என்று குறித்தார்.

அப்போது விற்பவர், “வேண்டுமானால் நல்ல பூச்சடித்துத் தருகிறேன், விலைமட்டும் சற்றுக் கூடும்” என்றார். என் நண்பரும் மகிழ்ந்து தலையசைக்க இருந்தார். மெக்கானிக் தடுத்தார்: “ஐயா, இப்போது குறை கண்ணுக்குத் தெரிகிறது. பூசியபின் அது இருக்கும், தெரியாது.”

இதுவே நான் வற்புறுத்த விரும்புவது. கைபடாத பழைய கார் தன் குறையைத் தானே சொல்லும். ஏட்டிற் செல்லரித்த இடத்தைத் தம் சொல்லால் நிரப்பிவிட்டு அதையே மூலம் என்று காட்டும் பதிப்பாளரை நாம் நம்புவதில்லை. காரிலும் அந்நெறியே தக்கது. எனினும் கவனிப்பாரற்றுக் கிடந்தமையைப் பேணிக் காத்தமையாக எண்ணி விலை கொடுத்தல் கூடாது. உளுத்த மரம் பழமையாகாது, அது செலவு.

நண்பர் அன்று முற்பணம் கொடுக்கவில்லை. மரச்சட்டத்தைப் புதுப்பிக்கும் செலவைத் தச்சரிடம் கேட்டறிந்து, அதைக் கழித்தே விலை சொல்வதாகக் கூறி விடைபெற்றார். காரை இழந்தாலும் அவர் முதுமைக்கான பொருள் எஞ்சும். பழம்பொருளில் நாட்டமுள்ள நம் மாணவரும் விலை பேசுமுன் அத்தொழிலில் முதிர்ந்த ஒருவரை உடனழைத்துச் செல்வாராக. அவருக்குரிய கூலியைக் குறையாது கொடுப்பாராக.