சாத்தான் வராததா குறை?

2021 மார்ச் 5இல் 'வாண்டாவிஷன்' என்ற சூப்பர் ஹீரோ தொடர் முடிந்தபோது, மெஃபிஸ்டோ என்னும் சாத்தான் தோன்றவில்லையே என்று இரசிகர் பலர் புலம்பினர். தாம் கட்டிய ஊகம் பொய்த்ததற்குக் கதாசிரியரை நோவது என்ன நியாயம்?

வேறு சிலரின் கோபமே நியாயமானது. தன் துயரை ஆற்றிக்கொள்ள ஓர் ஊரையே மாயத்தால் சிறைபிடித்த நாயகி வாண்டா, இறுதியில் அதை விடுவித்து, மாயக் கணவனையும் பிள்ளைகளையும் இழக்கிறாள். அவளது தியாகத்தை இவ்வூரார் அறியவே மாட்டார்கள் என்று அனுதாபப்படுகிறாள் மோனிக்கா. சிறைப்பட்டவர்களுக்கு அனுதாபம் எங்கே?

கனமூலையில் இக்கேள்வி புதிதன்று. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம்களில் பெரும்பாலானோர் தஞ்சமடைந்தது எமது புத்தளம் மாவட்டத்தில்தான். விரட்டியவர்களின் தியாகத்தைப் போற்றி, விரட்டப்பட்டவர்களின் வலியைக் கடந்துபோகும் எழுத்துகளைப் போதுமளவு வாசித்துவிட்டோம். இழைத்த அநீதிக்குத் தியாகம் ஈடாகாது.