கைவட்டும் கண்காணாப் படியும்

விலை கொடுத்தோம், பொருள் எங்கே? திரைப்படத்தையும் கணிப்பொறி விளையாட்டையும் இணையவழி மின்படியாகப் பெறுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அங்குப் பெறுவது பொருளன்று. விற்றவன் விரும்புங்காறும் நுகரும் இசைவே. இதனைத் தெளிவுறச் சொல்லாமல் ‘வாங்குக’ என்னும் சொல்லை விற்போர் ஆளலாகாதெனக் கலிபோர்னிய மாநிலம் 2024-இல் சட்டமே இயற்றியது. சொல்லுக்குப் பொருளுண்டென்று அங்கேனும் உணர்ந்தனர்!

ஆயின், ஒளிவட்டுகள் அனைத்தும் காப்பாகிவிடா. 2014-இல் வெளிவந்த ‘தி குரூ’ என்னும் மகிழுந்துப் போட்டி விளையாட்டின் வழங்கியை யூபிசாப்டு நிறுவனம் 2024 மார்ச்சு 31-இல் நிறுத்தியது. வட்டினைப் பேழையில் வைத்திருந்தோரும் தனித்துக்கூட விளையாட இயலாதாயினர். வட்டு இருந்தது, உயிரோ பிறர் கையில்! தோழர்களே, வாங்குமுன் கேளுங்கள்: இணையத் தொடர்பின்றி இஃது இயங்குமா? இயங்குமெனில், விலை மிகினும் வட்டையே வாங்குங்கள். திரைப்பட வட்டெனின் தயங்க வேண்டா. நண்பர்க்கு இரவலுந் தரலாம்.